1957ஆம் ஆண்டின் லத்தீன் ஜாஸ் இசைத்தட்டுகள்: அடியிலிருந்து மேலே கேட்பதற்கான முழுமையான வழிகாட்டி

கியூபத் தாளமும் அமெரிக்க ஜாஸும் கலந்த லத்தீன் ஜாஸைக் கேட்கத் தொடங்க விரும்புகிறவரிடம் பெரும்பாலும் மச்சீட்டோவின் ‘கென்யா’ என்ற இசைத்தட்டைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். இரண்டு பாட்டுகளுக்குமேல் நகரவில்லை. ட்ரம்பெட்டுகளும் சாக்ஸபோன்களும் ஒரே நேரத்தில் பாய்ந்து வரும்போது காது அவற்றின் பின்னாலேயே ஓடிவிடுகிறது, கீழே தோல்வாத்தியங்கள் போட்டுவைத்திருக்கும் கணக்கு காதில் விழுவதேயில்லை. அந்தக் கணக்கு விழாதவருக்கு இந்த இசை வெறும் ஆரவாரமாகவே தோன்றும். ஆகவே இங்கே வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறேன். முதலில் கையில் தட்டிப் பழகும் ஐந்து அடிகள், அதன்மேல் பாஸ் என்ற தாழ்ந்த ஒலியுள்ள பெரிய தந்திவாத்தியம், அதன்மேல் தனித் தோல்வாத்தியங்கள், எல்லாவற்றுக்கும் பிறகே பெரிய ஊதுகருவிக் குழு என்று ஏறிச் செல்வோம்.

முதல் படி: எல்லையை வகுத்துக்கொள்ளுதல்

ஓர் ஆண்டின் இசைத்தட்டுகள் என்று சொல்லும்போது, பதிவான ஆண்டா, வெளியான ஆண்டா என்ற கேள்வி உடனே எழும். இந்த வழிகாட்டியில் பதிவான ஆண்டையே அளவுகோலாகக் கொள்கிறேன். ‘கென்யா’ 1957 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவாகி, அடுத்த ஆண்டில் கடைக்கு வந்தது. ஜாஸ் பாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸின் ‘டிஜுவானா மூட்ஸ்’ அதே ஆண்டின் கோடையில் பதிவாகி, 1962 வரை ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தின் அலமாரியில் கிடந்தது. வெளியீட்டு ஆண்டைப் பிடித்துக்கொண்டால் இவ்விரண்டும் நழுவிவிடும். இசைஞர்கள் எந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு வாசித்தார்கள் என்பதும் தெரியாமல் போகும்.

அந்தக் காற்றைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது நல்லது. கையால் தட்டும் உயரமான தோல்வாத்தியமான காங்காவை வாசித்த கியூப நாட்டுச் சானோ போசோவும் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் ஒன்றாக மேடையேறியது 1947 செப்டம்பரில். அதற்குப் பத்தாண்டு கழித்து, ஆப்பிரிக்க வேர்கொண்ட கியூபத் தாளமும் அமெரிக்க ஜாஸும் பழகிய உறவினராகிவிட்டிருந்தன. நியூயார்க்கில் பிராட்வேயும் 53ஆம் தெருவும் சந்திக்கும் இடத்திலிருந்த பல்லேடியம் நடனமண்டபத்தில் மாம்போ என்ற கியூப நடன இசைக்குக் கூட்டம் கூடியது. ஹவானாவில் டிராபிகானா கேளிக்கை விடுதியும் புதிய பெருவிடுதிகளும் இசைஞர்களுக்கு வேலை தந்துகொண்டிருந்தன. அதே நேரத்தில் ஃபிடல் காஸ்ட்ரோ சியெரா மேஸ்த்ரா மலைகளில் இருந்தார், 1957 மார்ச் 13 அன்று மாணவப் புரட்சியாளர்கள் அதிபர் மாளிகையையே தாக்கினார்கள். இரண்டு நகரங்களுக்கும் இடையே இசைஞர்கள் தாராளமாகப் போய்வந்த கடைசி ஆண்டுகளில் ஒன்று அது.

இரண்டாம் படி: கிளாவேயைக் கையில் ஏற்றுதல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். பதினாறு சமமான எண்ணிக்கைகளை ஒரே வேகத்தில் எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் கைதட்டுங்கள். முதல் எட்டு எண்ணிக்கையில் மூன்று தட்டும், அடுத்த எட்டில் இரண்டு தட்டும் விழும். இதுதான் மூன்று-இரண்டு சோன் கிளாவே. இதையே பின்பாதியிலிருந்து தொடங்கினால் இரண்டு-மூன்று கிளாவே. கிளாவே என்பது கனமான இரண்டு மரக்கழிகளின் பெயரும்கூட. ஆனால் பல பாட்டுகளில் அந்தக் கழிகளை யாரும் தட்டமாட்டார்கள். தட்டாவிட்டாலும் எல்லோரும் அதை மனத்துக்குள் வைத்தே வாசிக்கிறார்கள்.

கச்சேரியில் தாளம் போட்டுப் பழகிய கைக்கு இந்த ஐந்து தட்டுகள் விரைவில் வசப்படும், ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் பழக்கமே இடறும். நம் கை சமத்தில், அதாவது சுற்றின் முதல் எண்ணிக்கையில், அழுத்தி விழுந்து பழகியது. கியூப பாஸ்காரரோ முதல் எண்ணிக்கையில் பெரும்பாலும் வாசிப்பதே இல்லை. அவருடைய தும்பாவோ என்ற தொடர் 4, 7 ஆகிய எண்ணிக்கைகளிலும், பிறகு 12, 15 ஆகியவற்றிலும் விழுகிறது. அடுத்த சுற்றுக்கு உரிய சுரத்தை அந்தச் சுற்று தொடங்குவதற்கு முன்பே வாசித்துவிட்டு, அது தொடங்கும்போது சும்மா இருக்கிறார். 4ஆம், 7ஆம் எண்ணிக்கைகளில் கிளாவேயின் தட்டும் பாஸின் சுரமும் ஒன்றாக விழுவதைக் கவனியுங்கள். காங்காவின் திறந்த ஒலிகள் 7, 8 ஆகியவற்றில் கேட்கும். ‘டும்-டும்’ என்று பாட்டை முன்னே தள்ளுவது அந்த இரண்டு அடிகள்தான். சமம் காலியாக இருப்பதால்தான் இந்த இசையில் கால் தானாக நகர்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு வாரம் நடக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் இதைத் தட்டிப் பாருங்கள். எண்ணாமலேயே கை சரியாக விழத் தொடங்கிய பிறகு முதல் இசைத்தட்டை எடுக்கலாம்.

மூன்றாம் படி: கச்சாவோவின் குறுந்தெஸ்கார்காக்கள்

இந்த ஆண்டில் ஒரே ஒரு தட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஹவானாவின் பானார்ட் நிறுவனத்துக்காக இஸ்ரேல் லோபெஸ் ‘கச்சாவோ’ பதிவுசெய்த ‘கியூபன் ஜாம் செஷன்ஸ் இன் மினியேச்சர்’ என்ற தட்டையே கேளுங்கள். கச்சாவோ 1918இல் ஹவானாவில் பிறந்தவர். அந்நகரின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கு டபுள் பாஸ் வாசித்தவர். இன்னொரு பக்கம், அண்ணன் ஒரெஸ்தெஸுடன் சேர்ந்து அர்கானோவின் நடனக்குழுவில் இருந்தபோது, தான்சோன் என்ற பழைய நடனவடிவத்தின் கடைசிப் பகுதிக்குப் புதிய தாளவேகம் ஊட்டியவர். மாம்போ என்ற பெயர் அங்கிருந்துதான் கிளம்பியது.

‘தெஸ்கார்கா’ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு இறக்கிவைத்தல், வெடித்து வெளிவருதல் என்றெல்லாம் பொருள் உண்டு. இசைஞர்கள் கூடி, முன்னேற்பாடு அதிகம் இல்லாமல் வாசித்துத் தீர்ப்பதை அப்படி அழைத்தார்கள். பியானோக் கலைஞர் ஹூலியோ குத்தியெரெஸின் தலைமையில் நீண்ட தெஸ்கார்காக்களைப் பானார்ட் ஏற்கெனவே பதிந்திருந்தது. கச்சாவோ அதைச் சுருக்கினார். பன்னிரண்டு பாட்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மூன்று நிமிடங்கள். இரவு விடுதிகளில் வேலை முடித்த இசைஞர்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, விடியற்காலையில் இவற்றை வாசித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. கேட்கும்போது நம்பத் தோன்றுகிறது. களைப்பு துளியும் இல்லை, ஆனால் முதலாளிக்காக வாசிக்கும் இறுக்கமும் இல்லை.

இதை மூன்று சுற்றாகக் கேளுங்கள். முதல் சுற்றில் பாஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் படியில் எண்ணிப் பழகிய 4ஆம், 7ஆம் எண்ணிக்கைகள் இங்கே கண்ணுக்கு முன் நிற்பதுபோல் ஒலிக்கும். பியானோவுக்கு இத்தட்டில் சிறிய இடமே உண்டு. அது வழக்கமாக நிரப்பிவைக்கும் நடுப்பகுதி வெறிச்சென்று இருப்பதால் பாஸ் தெளிவாகத் துலங்குகிறது. இரண்டாம் சுற்றில் தாளவாத்தியங்கள். காங்காவில் தாதா குவினெஸ், குச்சியால் அடிக்கும் இரட்டைத் தோல்வாத்தியமான டிம்பாலேயில் கியேர்மோ பாரெத்தோ, கையால் தட்டும் சிறிய இரட்டைத் தோல்வாத்தியமான போங்கோவில் யேயோ இக்லேசியாஸ், சுரைக்காய்க் கூட்டைக் கழியால் வரண்டி ஒலியெழுப்பும் குவிரோவில் குஸ்தாவோ தமாயோ. நால்வரும் நான்கு வேறு வேலைகளைச் செய்கிறார்கள், ஒருவர் இடத்தில் இன்னொருவர் காலை வைப்பதில்லை. முதலில் குவிரோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒலி சிறியது, எனினும் கடிகாரமுள்போலத் தவறாதது. பிறகு மற்ற மூவரும் தாமாகவே பிரிந்து கேட்பார்கள்.

மூன்றாம் சுற்றில்தான் தனியாவர்த்தனம் செய்கிறவர்களைக் கவனிக்க வேண்டும். ‘கோசா மி த்ரோம்பெத்தா’வில் அலெஹாந்த்ரோ விவார் ட்ரம்பெட்டை ஏறக்குறையப் பேசவைக்கிறார். ‘த்ரோம்போன் கிரியோயோ’வில் கியூபப் பாடகர் பென்னி மொரேயின் குழுவில் பெயர்பெற்ற ஹெனெரோசோ ஹிமெனெஸ் ட்ரோம்போன் வாசிக்கிறார். ‘கொன்த்ரோவெர்சியா தே மெத்தாலெஸ்’ என்றால் உலோகங்களின் வாக்குவாதம் என்று பொருள். பெயருக்கு ஏற்ப ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் ஒன்றின் பேச்சை ஒன்று மறுக்கின்றன. ‘சொர்ப்ரெசா தே ஃப்ளாவுத்தா’வில் வரும் புல்லாங்குழல், ஆரகோன் இசைக்குழுவின் ரிச்சர்ட் எகுவெஸுடையது. ‘ஓயே மி த்ரெஸ் மொன்துனோ’வில் நீனோ ரிவேராவின் த்ரெஸ். கித்தாரைப் போன்ற இந்தக் கருவியில் தந்திகள் இரட்டை இரட்டையாக மூன்று தொகுதிகளாக இருக்கும். கியூபக் கிராமப்புறத்திலிருந்து வந்தது. இந்தக் கருவியின் ஒலியை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் படியில் மீண்டும் சந்திப்போம்.

நீளம் குறைவு என்பதே இத்தட்டின் பெரும் பலம். ஜாஸில் ஒருவர் பத்து நிமிடம் வாசித்துச் சொல்வதை இவர்கள் நாற்பது வினாடியில் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் இதைச் சேர்த்திருப்பதில் வியப்பில்லை.

நான்காம் படி: புவெந்தே, ஊதுகருவிகளைக் கழற்றிவைத்தபோது

டீட்டோ புவெந்தே நியூயார்க்கின் கிழக்கு ஹார்லமில் போர்த்தோரிக்கோப் பெற்றோருக்குப் பிறந்தவர், கடற்படையில் பணியாற்றிவிட்டு ஜூலியார்ட் இசைப்பள்ளியில் படித்தவர், தாளக்காரரைக் குழுவின் பின்வரிசையிலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்து நிற்கவைத்தவர். 1957இல் அவர் ஆர்.சி.ஏ.வுக்குச் செய்தவற்றில் இரண்டு நமக்கு வேண்டும். ‘நைட் பீட்’ பெருங்குழுவின் நேர்த்தியான ஜாஸ். ட்ரம்பெட்டில் டாக் செவரின்சன் இருக்கிறார். இனிமையானது, இரவில் கேட்க உகந்தது, அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

‘டாப் பெர்கஷன்’ வேறு ரகம். தோல்வாத்தியங்களும் குரல்களும் ஒரு பாஸும் போதும் என்று புவெந்தே துணிந்த தட்டு இது. உடன் வாசித்தவர்கள் மோங்கோ சாந்தமரியா, வில்லி போபோ, பிரான்சிஸ்கோ அகவேயா, ஹூலிட்டோ கொயாசோ. கடைசி இருவரும் கேத்தரின் டன்ஹாமின் நடனக்குழுவோடு கியூபாவிலிருந்து அமெரிக்கா வந்தவர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மரபின் சடங்குத் தாளங்களை வழிபாட்டிலேயே கற்றவர்கள். தட்டின் முதல் பக்கத்தில் ஒரிஷா தெய்வங்களை விளித்துப் பாடும் பாடல்கள் வருகின்றன. இரண்டாம் பக்கம் முழுக்கக் கருவியிசை. ‘டி மோன் போ’ என்ற பாட்டின் பெயர் டீட்டோ, மோங்கோ, போபோ என்ற மூவரின் பெயர்களிலிருந்து கிள்ளி எடுத்தது.

இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். டிம்பாலேயின் உலோகப் பக்கவாட்டில் குச்சியால் தட்டும் காஸ்காரா என்ற அடியையும், தோலின் மேல் விழும் அடியையும், மணியின் ஒலியையும் பிரித்துக் கேட்க இதைவிட நல்ல பாடம் இல்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தப் பாடல்கள் பக்திக்குரியவை. பின்னணியில் ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும் இசையாக அவற்றை நடத்துவது எனக்கு ஒப்பவில்லை.

இந்தக் கூட்டணி நீடிக்கவில்லை. மோங்கோவும் போபோவும் விரைவிலேயே புவெந்தேயை விட்டு, கலிஃபோர்னியாவில் வைப்ரஃபோன் என்ற உலோகப் பட்டைகளைத் தட்டும் கருவியை வாசித்த கேல் ஜேடரின் குழுவில் சேர்ந்தார்கள். ஜேடரின் ‘மாஸ் ரித்மோ காலியெந்தே’யையும் கச்சாவோவின் தட்டில் அவர் குழுவுக்குப் பெயராக வரும் ‘ரித்மோ காலியெந்தே’யையும் தேடும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள், நான் ஒருமுறை ஒன்றைத் தேடி மற்றதை வாங்கியிருக்கிறேன்.

ஐந்தாம் படி: புளூ நோட்டின் இரண்டு சோதனைகள்

ஜாஸுக்கே பெயர்போன புளூ நோட் நிறுவனம் இந்த ஆண்டில் இரண்டு துணிச்சலான காரியங்களைச் செய்தது. 1957 மார்ச் 7 அன்று, நியூயார்க்கில், ஜாஸ் ட்ரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கி, தன்னையும் சேர்த்து ட்ரம்ஸ் வாசிப்பவர்கள் நால்வரையும் கியூப, போர்த்தோரிக்கோ மரபின் தோல்வாத்தியக்காரர்கள் ஐவரையும் ஒரே மண்டபத்தில் கூட்டி ‘ஆர்ஜி இன் ரிதம்’ என்ற இரண்டு தட்டுகளுக்கான இசையைப் பதிவுசெய்தார். கானா விடுதலை பெற்ற மறுநாள் அது. தற்செயலாக இருக்கலாம், ஆனால் ஆப்பிரிக்காவை நோக்கிய ஏக்கம் அந்தக் காலத்து ஜாஸ் இசைஞர்களின் நெஞ்சில் இருந்தது என்பதை அந்தத் தேதி ஞாபகப்படுத்துகிறது. இசையைப் பொறுத்தவரை எனக்கு அரைமனம்தான். ஒன்பது பேர் சேர்ந்து முழங்கும்போது ஒருவரையொருவர் கேட்பது குறைந்துவிடுகிறது. ஹெர்பி மானின் புல்லாங்குழலும் ரே பிரையன்ட்டின் பியானோவும் வரும் இடங்களில் மூச்சு விட முடிகிறது. ஒரு முறை கேட்டால் போதும்.

இரண்டாவது, ஏப்ரலில் பதிவான சாபு மார்டினெஸின் ‘பாலோ கொங்கோ’. சானோ போசோ 1948 டிசம்பரில் கொலையுண்ட பிறகு கில்லெஸ்பியின் குழுவில் அவருடைய இடத்துக்கு வந்தவர் சாபு. பிளேக்கியின் பதிவிலும் அவர் இருந்தார். ‘பாலோ கொங்கோ’வில் ஊதுகருவி ஒன்றுகூட இல்லை. சாபு அழைத்துவந்த விருந்தினரோ அர்செனியோ ரொட்ரீகெஸ். சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். கொங்கோ வழிவந்த குடும்பம். கியூப நடனக்குழுவில் பியானோவையும் காங்காவையும் கூடுதல் ட்ரம்பெட்டுகளையும் சேர்த்து, பிற்காலத்தில் சால்சா என்று பெயர்பெற்ற இசைக்கே அடித்தளம் போட்டவர். இங்கே அவர் த்ரெஸ் வாசிக்கிறார், காங்காவும் அடிக்கிறார், பாடுகிறார். அவருடைய சகோதரர்கள் இருவரும் கூட வருகிறார்கள்.

‘எல் கும்பான்செரோ’வில் தொடங்குங்கள். ரஃபாயெல் ஹெர்நாந்தெஸின் இந்தப் பாட்டைப் பெரிய குழுக்கள் பகட்டாக வாசித்துப் பழகியிருந்தன. சாபு அதைத் தோலுக்கும் தந்திக்கும் சுருக்கிவிடுகிறார். பிறகு ‘ராப்சோடியா தெல் மராவியோசோ’. கச்சாவோவின் தட்டில் நீனோ ரிவேராவின் த்ரெஸைக் கேட்ட காதோடு அர்செனியோவின் த்ரெஸைக் கேட்டுப் பாருங்கள். ரிவேராவிடம் நகரத்து நளினம் இருக்கிறது. அர்செனியோவின் விரல்களில் மண்ணும் சோகமும் அதிகம். ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு அதன் பின்விளைவுக்காகக் காத்திருக்கிறார்.

ஜாஸ் என்ற சொல்லை இறுகப் பிடித்தவர்கள் இது ஜாஸே இல்லை என்பார்கள். ஒரு பொருளில் சரிதான். ஆனால் ‘கென்யா’வின் கீழே ஓடும் நிலத்தடி நீர் எது என்று அறிய விரும்பினால் தோண்ட வேண்டிய இடம் இதுவே.

ஆறாம் படி: இப்போது ‘கென்யா’

இதுவரை ஏறிவந்த படிகளின் பலன் இங்கே கிடைக்கும். ஃபிராங்க் கிரியோ ‘மச்சீட்டோ’ 1940இல் நியூயார்க்கில் ‘ஆஃப்ரோ-கியூபன்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். அதன் இசைமூளை மாரியோ பாவுசா. மச்சீட்டோவின் சகோதரியை மணந்த இவர், ஹவானாவில் செவ்வியல் இசை பயின்று, நியூயார்க்கில் சிக் வெப், கேப் கேலவே ஆகியோரின் ஜாஸ் குழுக்களில் ட்ரம்பெட் வாசித்தவர். அமெரிக்க ஜாஸின் ஊதுகருவி இலக்கணத்தைக் கியூபத் தாளத்தின்மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதே அவருடைய ஆயுட்காலக் கேள்வி. 1943இல் அவர் உருவாக்கிய ‘தாங்கா’வை இந்த வகை இசையின் தொடக்கமாகப் பலர் கொள்கிறார்கள். ‘கென்யா’ அந்தக் கேள்விக்கு அந்தக் குழு தந்த முதிர்ந்த விடை.

மச்சீட்டோ பாடகர், ஆனால் ரூலெட் நிறுவனத்துக்காகப் பதிந்த இத்தட்டு ஏறத்தாழ முழுவதும் கருவியிசை. பியானோவில் ரெனே ஹெர்நாந்தெஸ். இசைவடிவங்களில் கணிசமானவை ஏ. கே. சலீமுடையவை. விருந்தினராக ஆல்டோ சாக்ஸபோனில் கேனன்பால் ஆடர்லி, ட்ரம்பெட்டில் ஜோ நியூமன், டாக் சீத்தம். தோல்வாத்தியங்களில் காந்திதோ, பாத்தாத்தோ வால்தெஸ், ஹோசே மங்குவால், ஊபா நியெத்தோ. ஐந்தாம் படியில் பிளேக்கியின் கூட்டத்தில் ஒலித்த அதே பாத்தாத்தோவும் நியெத்தோவும்தான் இவர்கள். அங்கே கூட்டத்தில் கரைந்துபோன அவர்களின் கை, இங்கே ஒவ்வொரு அடியாகக் கேட்கிறது.

முதல் பாட்டான ‘வைல்ட் ஜங்கிள்’ஐ இப்படிக் கேளுங்கள். ஊதுகருவிகள் நுழையும்போது அவற்றின் பின்னால் ஓடாமல் பாஸிலேயே நில்லுங்கள். அந்த 4ஆம், 7ஆம் எண்ணிக்கைகள் கிடைத்தவுடன் கையில் கிளாவேயைத் தட்டத் தொடங்குங்கள். எந்தப் பாதியில் மூன்று, எந்தப் பாதியில் இரண்டு என்று தெரியாமல் முதலில் தடுமாறுவீர்கள். தவறான பாதியில் தட்டினால் கை ஊதுகருவிகளோடு மல்லுக்கட்டுவதுபோல் இருக்கும். மாற்றித் தட்டியவுடன் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த மாற்றத்தை ஒருமுறை உடம்பால் உணர்ந்துவிட்டால், ட்ரம்பெட்டுகள் ஏன் அந்த இடத்தில் வெட்டி நிறுத்துகின்றன, சாக்ஸபோன்கள் ஏன் அரை எண்ணிக்கை தாமதித்து வருகின்றன என்பதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து ‘கேனனாலஜி’. ஆடர்லி ஏறத்தாழ அதே காலத்தில்தான் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவில் சேர்ந்திருந்தார். புளூஸ் மொழியில் பேசிப் பழகியவர், இவ்வளவு அடர்ந்த தாளத்தின்மேல் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை; தாளமும் அவருக்காக இளகவில்லை. இரண்டும் தத்தம் நிலையில் நின்றபடியே பொருந்திப்போவதுதான் இத்தட்டின் அதிசயம். ‘டின் டின் தியோ’ சானோ போசோவின் பங்கு உள்ள பழைய பாட்டு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1947இல் தொடங்கிய பயணம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளந்துபார்க்க உதவும்.

ஏழாம் படி: வேலிக்கு வெளியே மிங்கஸ்

கிளாவேயைக் கற்ற கை, அது இல்லாத இடத்தையும் அடையாளம் காண வேண்டும். அதற்கு ‘டிஜுவானா மூட்ஸ்’. மெக்சிக்கோ எல்லையை ஒட்டிய அரிசோனாவின் நொகாலெஸில் பிறந்த மிங்கஸ், எல்லைக்கு அப்பாலுள்ள டிஜுவானா நகரின் சந்தடியை இசையாக்க முயன்ற தட்டு இது. 1957 ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் இரண்டு அமர்வுகளில் பதிவானது. ‘இசபெல்ஸ் டேபிள் டான்ஸ்’ஸில் இசபெல் மொரெல் கைக்குள் அடங்கும் தாளக்கட்டையான காஸ்டனெட் வாசிக்கிறார், டேனி ரிச்மண்டின் ட்ரம்ஸ் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விளையாடுகிறது. கிளாவேயைத் தட்டிப் பாருங்கள், நிற்காது. கியூபத் தாளத்தில் வேகம் கல்லில் செதுக்கியதுபோல் இருக்கும். மிங்கஸிடம் அது அலைபோல் எழுந்து விழுகிறது. லத்தீன் ஜாஸ் பட்டியல்களில் இதைச் சேர்ப்பது பொருத்தமா என்று கேட்டால், பெயரளவில் மட்டுமே என்பேன். இசையின் அளவில் கேட்டால், இந்த ஆண்டின் மிகச் சிறந்த மூன்று தட்டுகளில் ஒன்று; ‘லாஸ் மரியாச்சிஸ்’ஸில் கிளாரன்ஸ் ஷாவின் ட்ரம்பெட்டுக்காகவே அதை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

எட்டாம் படி: எந்தப் பதிப்பைத் தேடுவது

மிங்கஸின் தட்டு முதலில் வந்தபோது, ஒரே பாட்டின் பல முயற்சிகளிலிருந்து வெட்டி ஒட்டிய வடிவில் வந்தது. 1986இல் ‘நியூ டிஜுவானா மூட்ஸ்’ என்ற பெயரில் முழுமையான மாற்று முயற்சிகளும் சேர்ந்து வெளிவந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒட்டுப்போட்ட இடங்கள் எவை என்பதைக் காதே காட்டிக்கொடுக்கும்.

கச்சாவோவின் தட்டு நிலைமை இன்னும் சிக்கல். பானார்ட் நிறுவனம் 1961இல் கியூப அரசுடைமையானது. கச்சாவோ 1962இல் நாட்டைவிட்டு வெளியேறினார். அதன் பிறகு இந்தப் பன்னிரண்டு பாட்டுகளும் வெவ்வேறு அட்டைகளில், வெவ்வேறு தலைப்புகளில், சில வேளை பிற தெஸ்கார்காக்களோடு கலந்தும் கிடைக்கின்றன. இணைய ஒலிச்சேவைகளில் தேடும்போது தலைப்பை நம்பாமல் பாட்டுப் பட்டியலைப் பாருங்கள்: ‘த்ரோம்போன் கிரியோயோ’, ‘மலங்கா அமரியா’, ‘பம்பரானா’ மூன்றும் ஒன்றாக இருந்து, ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்கு அக்கம்பக்கம் இருந்தால், சரியான தட்டுதான். 1990களில் முதுமையில் அவர் பதிந்த ‘மாஸ்டர் செஷன்ஸ்’ அருமையானது, ஆனால் வேறு இசை. மலிவான காதுப்பொறிகளில் டபுள் பாஸ் கரைந்துபோகும். பாஸ் தெளிவாகக் கேட்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கியாவது மூன்றாம் படியை மீண்டும் ஒருமுறை செய்து பாருங்கள்.